மெல்லும்போது முன்வந்த கண்: தோட்டப்புறச் சிறுவன் ஒருவனின் கண்குழிக் கட்டி

பின்னணி

மலேசியாவின் பேராக் மாநிலத்தின் தென்பகுதியில், செம்பனைத் தோட்டங்கள் நாற்புறமும் சூழ்ந்த ஒரு சிறு பட்டணத்தின் அரசு சுகாதாரக் கிளினிக்கில் மருத்துவ அதிகாரியாக இருந்தபோது நான் கவனித்த நிகழ்வு இது. குடும்பத்தாரின் சம்மதத்தைப் பெற்று, அவர்களையோ தோட்டத்தையோ அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கி எழுதுகிறேன். கண்குழியில் பிறவியிலேயே தோன்றும் கட்டிகளைத் தோட்டப்புறக் கிளினிக்குகளில் பணியாற்றுவோர் எப்போதாவதுதான் பார்ப்பார்கள். அப்படிப் பார்க்கும் ஒரே முறையில் கை தவறிவிட்டால், அதன் விளைவைச் சிறுவயதுப் பிள்ளை சுமக்க வேண்டியிருக்கும் என்பதே இதை எழுதத் தூண்டியது.

சிறுவனுக்கு அப்போது வயது 5. தந்தை செம்பனைக் குலை வெட்டுபவர்; தாய் நாற்றுமேடையில் வேலை செய்பவர். இருவரும் விடியுமுன்னே வேலைக்குப் போய்விடுவதால் சிறுவனை வளர்த்ததெல்லாம், முன்னாளில் அதே தோட்டத்தில் பால்மரம் வெட்டிய அவனுடைய பாட்டிதான். குழந்தைக்கு ஒரு வயது நிறையும் முன்பே இடது புருவத்தின் வெளிக்கோடியில் பச்சைப்பட்டாணி அளவில் ஒரு கட்டி தென்பட்டதாம். கண்கட்டி என்று எண்ணி நாமக்கட்டி இழைத்துப் பூசியிருக்கிறார்கள். வலியோ சிவப்போ இல்லாமல் அது அப்படியே இருந்ததால், வளர வளர மறைந்துவிடும் என்று அக்கம்பக்கத்தார் சொன்னதை நம்பி விட்டுவிட்டார்கள். நாங்கள் பார்த்தபோது அது புளியங்கொட்டை அளவு இருந்தது.

முதல் சந்திப்பு

சிறுவன் வந்தது இருமலுக்காக. மார்பைச் சோதிக்கையில் கட்டியை நான்தான் கவனித்துக் கேட்டேன். சுமார் 1.5 சென்டிமீட்டர் அகலம். அழுத்தினால் வலி இல்லை. மேலுள்ள தோல் தடையின்றி நழுவியது. கட்டியோ எலும்போடு ஒட்டியதுபோல் அசையாதிருந்தது. அந்த இடத்தில், அந்த வயதில், பல ஆண்டுகளாக மெதுவாக வளரும் கட்டி என்றால் டெர்மாய்டு கட்டியைத்தான், அதாவது தோல் துணுக்கு உள்ளே அகப்பட்டு உருவாகும் பிறவிப் பையைத்தான், எவரும் முதலில் நினைப்பார்கள். நானும் அப்படியே எழுதி, ஆறு மாதத்தில் மீண்டும் காட்டும்படி சொன்னேன்.

அன்று நான் செய்யத் தவறியவை இரண்டு. கட்டியின் முன்விளிம்பையும் மேல்விளிம்பையும் தடவிப் பார்த்த விரல், பின்விளிம்பைத் தேடவில்லை. அதைவிட முக்கியமானது, புறப்படும் நேரத்தில் பாட்டி சொன்ன ஒரு வாக்கியம்: "டாக்டர், இவன் கடலை மெல்லுறப்ப அந்தக் கண்ணு முன்னுக்கு வருது, வாயை நிறுத்துனா உள்ளுக்குப் போயிருது." மெல்லும்போது எல்லோருக்கும் நெற்றிப்பொட்டில் தசை அசையும், அதைத்தான் பாட்டி சொல்கிறார் என்று நானே முடிவுசெய்துகொண்டேன். அவருக்கும் அப்படியே விளக்கி அனுப்பினேன். சிறுவனின் பதிவேட்டில் அந்த வாக்கியம் இல்லை. நான் எழுதாததால்தான் இல்லை.

கட்டி எப்படி உருவாகிறது

கருவில் முகமும் மண்டையும் உருவாகும்போது, எலும்புகள் ஒன்றையொன்று நெருங்கிவந்து பொருந்துகின்றன. அந்தப் பொருத்துகளில் மேல்தோலின் ஒரு சிறு துணுக்கு அகப்பட்டுக்கொண்டால், அது உள்ளேயே ஒரு பையாக மூடிக்கொண்டு, தோல் செய்யும் வேலையைத் தொடர்ந்து செய்துகொண்டிருக்கும். செதில் உதிர்க்கும், எண்ணெய் சுரக்கும், முடியும் வளர்க்கும். வெளியேற வழியில்லாத அந்தப் பொருளெல்லாம் பைக்குள் தேங்குவதால் கட்டி ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லப் பெருக்கிறது. இது புற்றுநோய் அன்று. நெற்றியெலும்பும் கன்ன எலும்பும் சந்திக்கும் பொருத்தில், அதாவது புருவத்தின் வெளிக்கோடியில், இது மிகுதியாகக் காணப்படுகிறது. பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கட்டி எலும்பின் முன்பக்கத்தோடு நின்றுவிடும். அதைச் சுற்றிலும் விரலால் தடவிவிடலாம். ஒரு சிறு அறுவையில் பையோடு முழுமையாக எடுத்துவிடலாம்.

அரிதாகச் சிலருக்கு மட்டும், கட்டி எலும்பின் ஊடாகவே ஒரு துளை வழியே இரு பக்கமும் பரவியிருக்கும். ஒரு மடல் கண்குழிக்குள்ளும், மற்றொன்று நெற்றிப்பொட்டில் மெல்லும் தசைக்கு அடியிலும், இடையில் ஒடுங்கிய கழுத்தோடும் அமைந்திருப்பதால் உடற்பயிற்சிக்கூடத்தில் தூக்கும் டம்பெல்லைப் போல இருக்கும். மருத்துவர்கள் வழங்கும் பெயரும் அதுவே. பல்லைக் கடிக்கும்போது பொட்டுத் தசை இறுகி வெளிமடலை நசுக்கும். உள்ளிருக்கும் எண்ணெய் கழுத்தின் வழியே உள்மடலுக்குப் பாயும். கண் முன்னே தள்ளப்படும். தாடை தளர்ந்தால் எண்ணெய் திரும்பும், கண்ணும் திரும்பும். பாட்டி சொன்னது இதைத்தான், ஒரு சொல்லும் மிகையில்லாமல்.

நிலைமை மாறிய நாள்

ஏழு மாதம் கழிந்தது. ஆறாம் மாதச் சந்திப்புக்குக் குடும்பம் வரவில்லை. அழைத்து நினைவூட்டும் ஏற்பாடு எங்களிடம் இருக்கவில்லை. கோயில் திடலில் விளையாடும்போது சிறுவன் விழுந்து, கட்டியின்மேல் அடிபட்டது. மறுநாளே இமை சிவந்து வீங்கியது. ஞாயிற்றுக்கிழமையாதலால் பட்டணத்திலிருந்த ஒரு தனியார் கிளினிக்குக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். சீழ்க்கட்டி என்று கருதி அங்கே சிறிதாகக் கீறிவிட்டார்கள். வெளிவந்தது சீழ் அன்று. மஞ்சள் கலந்த வெள்ளையாய், பாலாடைக்கட்டி போன்ற ஒரு பொருள், அதில் இரண்டு மூன்று மயிரிழைகள். கண்டதும் அங்கிருந்த மருத்துவர் கையை நிறுத்தி, கட்டுப்போட்டு, எங்களிடம் அனுப்பினார். நிறுத்தியதும் அனுப்பியதும் சரியான செயல்கள். கீறியதற்கு அவரை மட்டும் குறைகூற எனக்கு உரிமையில்லை. ஏழு மாதத்துக்கு முன் நான் கண்குழியைப் படமெடுக்க அனுப்பியிருந்தால் கத்திக்கே இடம் வந்திராது.

மூன்றாம் நாள் எங்களிடம் வந்தபோது காய்ச்சல் இல்லை. இடது மேலிமையின் வெளிப்பாதி வீங்கித் தொங்கியது. கீறிய இடத்தில் எண்ணெய்ப் பசை கசிந்தது. படம் காட்டும் பலகையில் இரு கண்ணிலும் பார்வை, அந்த வயதுக்கு இயல்பான 6/9 இருந்தது. பாவைகள் இரண்டும் வெளிச்சத்துக்குச் சமமாகச் சுருங்கின. மேல்நோக்கிப் பார்க்கையில் இடக்கண் சற்றே பின்தங்கியது. இம்முறை விரலைக் கண்குழியின் விளிம்பைத் தாண்டி உள்ளே செலுத்தித் தேடினேன். கட்டியின் பின்விளிம்பு அகப்படவேயில்லை. அது எலும்புக்குப் பின்னால் எங்கோ போய்க்கொண்டிருந்தது.

"அன்னிக்கே சொன்னேனே டாக்டர், மெல்லுறப்ப வருதுன்னு" என்றார் பாட்டி. குரலில் குறை இல்லை. நினைவூட்டல் மட்டுமே இருந்தது. சிறுவனை நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு பிஸ்கட்டைக் கொடுத்து, அவன் தலைக்குப் பின்னால் நின்று நெற்றிக்கு மேலாகக் குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு கடிக்கும் இடக்கண் மெதுவாக முன்வந்து, பின் அடங்கியது. அருகிலிருந்த தாதியும் பார்த்தார். தாயின் அனுமதியோடு கைப்பேசியில் பதிவு செய்தோம்.

அன்று எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, கட்டியை மேலும் தொடாமலிருப்பது. பிதுக்கவோ ஊசியால் உறிஞ்சவோ கூடாது என்று தாதியருக்கும் குடும்பத்துக்கும் சொன்னேன். டெர்மாய்டின் எண்ணெயும் செதிலும் சுற்றியுள்ள திசுவில் கசிந்தால், உடல் அவற்றை அந்நியப் பொருளாகக் கருதிக் கடுமையாக அழற்சி கொள்ளும். பார்வைக்கு அது கிருமித் தொற்றைப் போலவே தெரியும். ஆனாலும் திறந்த காயம் இருந்ததால் கிருமி இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே கசிவைச் சோதனைக்கு அனுப்பி, நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைத் தொடங்கினோம்.

இரண்டாவது, கடிதத்தை மட்டும் கொடுத்து அனுப்பாமல் அன்றே தொலைபேசியில் பேசுவது. கண் மருத்துவ நிபுணரிடம் மூன்று செய்திகளைச் சொன்னேன்: பின்விளிம்பு எட்டவில்லை, மெல்லும்போது கண் முன்வருகிறது, கட்டி ஏற்கெனவே கீறப்பட்டுவிட்டது. முதலிரண்டையும் கேட்டவுடனே அவர், கண்குழி அறுவையில் பயிற்சி பெற்றவர்கள் உள்ள கோலாலம்பூர் அரசு மருத்துவமனைக்கு நேராக அனுப்பச் சொன்னார். மாவட்ட அளவில் ஒரு மாதம் சுற்றியிருக்க வேண்டிய வழி ஓர் அழைப்பில் குறைந்தது.

மூன்றாவது, வேறு சாத்தியங்களை மனத்தில் வைத்திருப்பது. பிள்ளைகளின் கண்குழியில் நாள்கணக்கில், வாரக்கணக்கில் வேகமாகப் பெருக்கும் வீக்கம் தசையிலிருந்து எழும் கொடிய புற்றாகவும் இருக்கக்கூடும்; அதில் தாமதம் உயிரைக் குடிக்கும். இங்கே கட்டிக்கு நான்கு ஆண்டு வரலாறு இருந்தது, வெளிவந்த பொருளில் மயிர் இருந்தது. அதனால் அந்த அச்சம் குறைவு. ஆனாலும் படம் பார்க்கும்வரை முற்றாக விலக்கவில்லை.

படத்தில் தெரிந்தது

குடும்பம் தாப்பா ரோடு நிலையத்தில் ரயில் ஏறித் தலைநகர் சென்றது. தந்தைக்கு நாள் கூலி போயிற்று. தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரசர் நிர்வாகத்திடம் பேசி விடுப்பு வாங்கிக் கொடுத்தார். தோட்டப்புறத்தில் பிள்ளையைத் தொலைவிலுள்ள மருத்துவமனைக்கு அனுப்பும் முடிவு மருத்துவ முடிவு மட்டுமன்று. எத்தனை நாள் வேலை போகும், மற்றப் பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்பதும் அதில் அடங்கும் என்பதை அனுப்புகிறவர் மறக்கக்கூடாது.

சி.டி. படத்தில், கண்குழியின் வெளிச்சுவர் எலும்பில் வழவழப்பான விளிம்புடைய ஒரு துளையும், அதன் இருபுறமும் ஒவ்வொரு மடலும் தெளிவாகத் தெரிந்தன. உள்ளடக்கம் கொழுப்புக்குரிய கருமையோடு இருந்தது. எலும்பு அரிக்கப்பட்டிருக்கவில்லை, நெடுங்காலம் மெதுவாக அழுத்தப்பட்டு வழிவிட்டிருந்தது. கட்டி மூளையுறையைத் தொடுகிறதா என்பதை அறிய எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், தொடவில்லை. அசையாமல் படுக்க முடியாத வயதாகையால் மயக்கமருந்து கொடுத்தே அது எடுக்கப்பட்டது. அங்கே அளந்தபோது இடக்கண் ஓய்வில் 2 மில்லிமீட்டரும், பல்லைக் கடிக்கையில் 4 மில்லிமீட்டரும் முன்தள்ளி இருந்தது.

காத்திருத்தல்

உடனே அறுவை செய்யவில்லை. அழற்சியால் வீங்கிய திசுவில் கட்டியின் உறையைப் பிரித்தறிவது கடினம்; உறையின் ஒரு துண்டு தங்கிவிட்டாலும் கட்டி மீண்டும் வரும், அல்லது தோலில் ஆறாத கசிவு நிலைத்துவிடும். ஆகவே குறுகிய கால ஸ்டீராய்டு மருந்தோடு ஆறு வாரம் காத்திருக்க முடிவு செய்தார்கள். காயத்தைச் சுத்தம் செய்து கட்டும் பொறுப்பு எங்களுக்கு.

அந்த ஆறு வாரத்தில்தான் தாயோடு நான் அதிகம் பேசினேன். அவர் கருவுற்றிருந்தபோது கிரகணத்தன்று காய் நறுக்கியதாகவும், அதனால்தான் பிள்ளைக்கு இப்படி ஆயிற்று என்று உறவினர் ஒருவர் சொன்னதாகவும், ஐந்து ஆண்டாக அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததாகவும் மூன்றாம் வாரத்தில் சொன்னார். முதலிலேயே கேட்டிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. எலும்புகள் பொருந்தும்போது தோல் துணுக்கு அகப்படுவதற்கும் அன்று என்ன செய்தார் என்பதற்கும் தொடர்பில்லை என்பதைத் தாளில் முகம் வரைந்து, பொருத்தைக் காட்டி விளக்கினேன். அவர் அந்தத் தாளை மடித்துக் கொண்டு போனார். அடுத்த முறை மாமியாரையும் உட்காரவைத்து, "இவுங்களுக்கும் சொல்லுங்க டாக்டர்" என்றார். அறுவைக்குக் கையெழுத்திடும் முன்னர் ஒரு தாய்க்குக் கட்டியைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியவற்றுள் இதுவும் ஒன்று என்று இப்போது கருதுகிறேன்.

அறுவையும் விளைவும்

மேலிமையின் மடிப்பை ஒட்டிக் கீறி வெளிப்புறமாக நீட்டி, பழைய கீறல் தழும்பையும் கசிவுப் பாதையையும் சேர்த்து எடுத்தார்கள். கண்குழியின் வெளிவிளிம்பு எலும்பைத் தற்காலிகமாகக் கழற்றினால்தான் இரு மடலையும் கழுத்தையும் ஒன்றாக அடைய முடிந்தது. முன்பு கீறப்பட்ட இடத்தில் உறை தழும்போடு இறுகியிருந்ததால் அங்கே மட்டும் கிழிந்தது. கசிந்ததை உப்புநீரால் பலமுறை கழுவி, எஞ்சிய உறையைத் தேடி எடுத்து, எலும்புத் துளையின் சுவரைச் சுரண்டிச் சுத்தம் செய்து, விளிம்பு எலும்பை மீண்டும் பொருத்தினார்கள். நுண்ணோக்கி ஆய்வில் தோலைப் போன்ற அடுக்கும், மயிர்க்கால்களும், எண்ணெய்ச் சுரப்பிகளும், பழைய கசிவால் உண்டான அழற்சியும் காணப்பட்டன. டெர்மாய்டு என்பது உறுதியாயிற்று.

மேலே பார்க்கையில் இரட்டையாகத் தெரிவது மூன்று வாரம் இருந்து மறைந்தது. இடது புருவத்தை உயர்த்த முடியாத நிலை நான்கு மாதம் நீடித்தது. புருவத்தை இயக்கும் நரம்புக்கிளை அந்த வழியே செல்வதால் இது நேரலாம் என்று அறுவை மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். அப்படிச் சொல்லியிருந்ததால் குடும்பம் கலங்கவில்லை. ஓராண்டில் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் மிச்சம் எதுவும் இல்லை; பார்வை இரு கண்ணிலும் 6/6. எங்கள் கிளினிக்கில் பாட்டியே மடியிலிருந்து ஒரு முறுக்கை எடுத்துக் கொடுத்து, என்னைப் பின்னால் நின்று பார்க்கச் சொன்னார். கண் அசையவில்லை. சிறுவன் இப்போது தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் ஆண்டு படிக்கிறான்.

கண்ணைச் சுற்றிய மற்றப் பிறவிக் கட்டிகள்

இந்த நிகழ்வுக்குப் பின் தாதியரோடும் தோட்டத்து டிரசர்களோடும் அமர்ந்து பேசியபோது, கட்டி இருக்கும் இடமே பாதிச் செய்தியைச் சொல்லிவிடும் என்பதை வலியுறுத்தினேன்.

மூக்கை ஒட்டிய உள்மூலையில், இமைகளை எலும்போடு கட்டும் தசைநாருக்குக் கீழே, பிறந்த குழந்தைக்கு நீலம்பாய்ந்த வீக்கம் இருந்தால் அது கண்ணீர்ப் பை அடைத்துப் புடைத்ததாக இருக்கலாம். அதே மூலையில் தசைநாருக்கு மேலே இருந்தால் எச்சரிக்கை தேவை. மண்டையெலும்பின் இடைவெளி வழியே மூளையுறையும் சில வேளை மூளையும் பிதுங்கி வந்திருக்கக்கூடும்; குழந்தை அழும்போது அது பெரிதாகும், சிலருக்குத் துடிக்கும். அதில் ஊசி வைப்பது மூளைக்கு வழி திறப்பதாகும்.

கீழிமை நீலமாகப் புடைத்து, அந்தக் கண் மிகச் சிறியதாக இருந்தால், கருவின் 5 முதல் 7 வாரத்துக்குள் மூடவேண்டிய கண்ணின் அடிப்பிளவு மூடாமல், அதன் வழியே பை உருவாகியிருக்கலாம். இதை உடனே எடுத்துவிட வேண்டும் என்றே பெற்றோருக்குத் தோன்றும். ஆனால் கண் சிறுத்துப்போனால் கண்குழி எலும்பும் வளராமல் முகம் ஒருபுறம் ஒடுங்கிவிடும். அங்கே அந்தப் பையே எலும்பை வளரவைக்கிறது. அளவோடு இருந்தால் சில ஆண்டுகள் விட்டுவைப்பதுண்டு. மற்றக் கண்ணிலும் பிளவு இருக்கிறதா, இதயம், காது, சிறுநீரகம் ஆகியவை சரியாக உள்ளனவா என்பதையும் பார்க்க வேண்டும். இதைவிட அரியது, ஏறத்தாழ 4ஆம் வாரத்தில் கண் உட்குழியாமலே போய், கண்ணுக்குப் பதிலாக ஒரு பை மட்டுமே இருப்பது. அதில் பெரும்பாலும் மேலிமை புடைத்திருக்கும்.

இவற்றுள் எதையும் தோட்டப்புறக் கிளினிக் குணப்படுத்தப் போவதில்லை. ஆனால் எதைத் தொடக்கூடாது என்பதை அங்கேதான் முடிவு செய்கிறார்கள்.

மாற்றிக்கொண்டவை

புருவ ஓரக் கட்டியோடு வரும் பிள்ளைகளுக்கான எங்கள் குறிப்புத்தாளில் இரண்டு வரிகளைச் சேர்த்தோம். பின்விளிம்பு விரலுக்கு எட்டுகிறதா என்பது ஒன்று. பிஸ்கட்டை மெல்லவைத்து மேலிருந்து பார்த்ததில் கண் அசைந்ததா என்பது மற்றொன்று. முதலாவதற்கு இல்லை என்றோ, இரண்டாவதற்கு ஆம் என்றோ விடை வந்தால் படமெடுக்காமல் யாரும் கத்தியைத் தொடுவதில்லை. வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர் சொல்வதை அவருடைய சொற்களிலேயே எழுத ஒரு கட்டமும் உண்டு. விளக்கம் எழுதும் இடம் வேறு. பட்டணத்துத் தனியார் கிளினிக்குகளின் மருத்துவர்களோடு ஒரு மாலை சந்தித்து, பிஸ்கட் பதிவைக் காட்டினோம். பிள்ளையின் கண்ணருகே சிவந்த கட்டி வந்தால், பழைய கட்டியா புதிதா என்று கேட்டுவிட்டு எங்களை அழைப்பதாக ஒப்புக்கொண்டார்கள்.

சந்திப்புக்கு வராத பிள்ளைகளின் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைப்பதும் அப்போது தொடங்கியதே. பழைய பதிவேடுகளைப் புரட்டியதில் புருவக் கட்டி என்று எழுதப்பட்ட நான்கு பிள்ளைகளின் பெயர் கிடைத்தது. மூவர் வந்தார்கள்; மூவருக்கும் பின்விளிம்பு தெளிவாக எட்டியது; கண்ணும் அசையவில்லை. நான்காம் பிள்ளையின் குடும்பம் வேறு தோட்டத்துக்குக் குடிபோய்விட்டது. கொடுத்திருந்த எண் இணைப்பில் இல்லை. அந்தத் தோட்டம் எது என்பதை எங்கள் டிரசர் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.